வாங்க என்று சொல்லும் வேலை

அந்த அம்மாள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு காலிப் பைகள், தலையில் முந்தானை. எதிரே கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அரிசியும் பருப்பும் வெல்லமுமாக அடுக்கி வைத்திருப்பது தெருவிலிருந்தே தெரிந்தது. கதவுக்கு மேலே பெயிண்ட் வாசனை போகாத புதுப் பலகை ஒன்று தொங்கியது: ‘உள்ளே வந்து வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.’

அவர் அதைப் படித்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தார். உள்ளே மட்டும் போகவில்லை.

நான் எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கண் முழுக்க அந்த அம்மாள் மேலேயே இருந்ததால் காம்பும் பூச்சியும் சேர்ந்தே பாத்திரத்தில் விழுந்தன. கடைசியில் பொறுக்க முடியவில்லை.

“ஏங்க, எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இந்தா வாரேன் ஆத்தா” என்றபடி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்துவைத்து உள்ளே போய்விட்டார். கடை யாருடையது, கூப்பிட்ட நான் யார் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. யாரோ ஒருவர் வாங்க என்று சொல்லியாகிவிட்டது. அவருக்கு அது போதும்.

எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம்பர் போட்ட தெருக்கள்

புதுக்கோட்டையில் ராஜ வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களுக்கு யாரும் மெனக்கெட்டுப் பெயர் வைக்கவில்லை. இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று நம்பர் போட்டுவிட்டார்கள். எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். தெருவின் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறு முனையில் வரும் மாட்டுவண்டி தெரியும். எங்களுடையது எத்தனையாவது வீதி என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள்.

அப்பா அரண்மனைக் கச்சேரியில் குமாஸ்தா. பெண்கள் இரண்டு பேரும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு கட்டினார். ஒன்று அக்கா விசாலாட்சிக்கு, ஒன்று மீனாட்சியாகிய எனக்கு. நடுவில் ஒரே சுவர். அக்கா அங்கே அம்மியில் சட்னி அரைத்தால் என்ன சட்னி என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். கல் ஓடும் சத்தத்திலேயே தேங்காயா கொத்தமல்லியா என்று தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் இதை நம்ப மாட்டார். ஒருநாள் பந்தயம் கட்டித் தோற்றார்.

சின்ன வயதில் நார்த்தாமலைக்கு வண்டி கட்டிக்கொண்டு போவோம். அந்த மொட்டைப் பாறையில் அக்கா ஆடு மாதிரி ஏறிவிடுவாள். நான் பாதியில் உட்கார்ந்து அழுவேன். மேலே கோயில் பக்கத்தில் நின்றுகொண்டு, காற்றில் பாவாடை பறக்க, கீழே பார்த்துக் கை நீட்டுவாள். அப்போது அவளுக்குப் பின்னால் இருந்த வானத்தின் நீலத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பாறை காலைச் சுடும். அது சுடுவதே மறந்து போகும்படி என்னைப் பேசிப் பேசியே மேலே ஏற்றிவிடுவாள்.

மத்தியானம் தூங்கிய தெரு

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும்தான் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. கச்சேரிகள் ஒவ்வொன்றாகத் திருச்சிக்குப் போயின. கச்சேரி போனால் குமாஸ்தா போக வேண்டும், குமாஸ்தா போனால் அவர் வீட்டுப் பெட்டியும் படுக்கையும் பசுமாடும் போக வேண்டும்.

ஐந்தாறு வருஷத்தில் தெரு பாதி காலி. பூட்டிய வீடுகளைக் கடலை வியாபாரிகள் பிடித்து மூட்டை அடுக்கினார்கள். வீணை கேட்ட வீட்டில் எலி ஓடியது. மளிகைக் கடைக்காரர் கடையை எடுத்துக்கொண்டு கீழ ராஜ வீதிப் பக்கம் போனார். பூக்காரி வருவதை நிறுத்தினாள். ஒரு தீப்பெட்டிக்குக்கூட அரை மைல் நடக்க வேண்டியிருந்ததால் மிச்சமிருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள்.

மத்தியானங்களில் அந்தத் தெரு கனவில் வருவது போல இருக்கும். வெயில் தூங்கும், நிழல் தூங்கும். எங்கேயோ ஒரு கிளி கத்தும். கடலைத் தூசு காற்றில் மினுங்கிக்கொண்டே இறங்கி ஜன்னல் கம்பியில் உட்காரும். விரலால் அதில் கோடு போட்டுக்கொண்டு நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். அழகாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது.

அக்கா போன நாள்

எல்லோரும் போனாலும் நாம் இரண்டு பேரும் போகக் கூடாது என்று நானும் அக்காவும் பேசி வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் கீரனூர் வழியாகத் தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினார். அத்தானும் அப்படியே போய்வரட்டும் என்பது திட்டம்.

ஒரு காலை பால்காரர் என் வாசலில் செம்பை வைத்தபடி, “பெரியம்மா நாளையிலேர்ந்து பால் வேணாம்னுட்டாங்க. திருச்சிக்கு வீடு மாத்திப் போறாங்களாம்ல?” என்றார்.

பக்கத்து வீட்டுச் செய்தி எனக்குப் பால்காரர் சொல்லித் தெரிகிறது! அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தள்ளிப் போட்டிருக்கிறாள். இன்றைக்கு அது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

வண்டி வந்தது, சாமான் ஏறியது. அக்கா வாசலில் வந்து நின்றாள். எங்கள் பக்கம் ஊருக்குப் போகிறவரை வாசலுக்கு வந்து, போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்ப வேண்டும். வருகிறவரை வாங்க என்று கூப்பிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. கல்யாணத்தில் சாப்பாடு குறைந்தால் மன்னிப்பார்கள், ‘வாங்க’ குறைந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வண்டிமாட்டின் கழுத்து மணி வெகுநேரம் ஒரே இடத்தில் ஒலித்தது. பிறகு அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது.

“அவளா வான்னு கூப்பிடாம அவ வாசல நான் மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

மணிச் சத்தம் தேய்ந்து போயிற்று. அதன் பிறகு நடுச்சுவரில் ஒரு சத்தமும் இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டால் அவள் ஒரு பந்தியில் உட்காருவாள், நான் அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

முற்றத்தில் ஒரு கடை

எங்கள் எதிர்வீடு ஒரு பழைய அரண்மனை அதிகாரியின் மாளிகை. தேக்குத் தூண்களும் நடுவில் பெரிய முற்றமும் உண்டு. வெகுகாலம் பூட்டிக் கிடந்த அதைக் கூட்டுறவுக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் கதிரேசன் சின்ன வயசுக்காரர். சென்னைக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அங்கே ஜனங்கள் கடைக்குள் நடந்து, தட்டிலிருந்து சாமானைத் தாங்களே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்து தூக்கமில்லாமல் இருந்தார். முற்றத்தைச் சுற்றி மரத்தட்டுகள் அடித்தார். எல்லாவற்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டி அடுக்கினார். மூங்கில் கூடைகள் வாங்கி வைத்தார். நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்.

மூன்று நாள் ஒருவரும் உள்ளே போகவில்லை. வந்தார்கள், வாசலில் நின்றார்கள், பலகையைப் படித்தார்கள், திரும்பிப் போனார்கள். கதிரேசனும் பொட்டலம் கட்டும் பாக்கியமும் உள்ளே கல்லாப் பக்கம் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். தொந்தரவு பண்ணக் கூடாது என்று அவருக்குச் சென்னையில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

அந்த வெயில் அம்மாள் உள்ளே போனதும் கதிரேசன் தெருவைக் கடந்து ஓடி வந்தார்.

“அக்கா, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“வாங்கன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லணும்? அது வீடு மாதிரில்ல இருக்கு. வீட்டுக்குள்ள கூப்பிடாம யாரு தம்பி வருவா? வந்து சாமான வேற எடுக்கச் சொல்றீங்க. களவாணிப் பட்டம் கட்டவா?”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் என் வீட்டுக்காரரிடம் வந்து கேட்டு, என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். வாசலில் நின்று, வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட வேண்டும்.

“இதுக்குமா சம்பளம்?” என்று வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார்.

வலது காலும் வெறுங்காலும்

கூப்பிடத் தொடங்கியதும் வந்தார்கள். ஆனால் விருந்தாளிகளாக வந்தார்கள்! வாசலில் செருப்பு வரிசை நீண்டது. வலது காலை வைத்து நுழைந்தார்கள். அரண்மனையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் முற்றத்தைச் சுற்றி வந்து, “நெறஞ்ச வீடு, நல்லா இருங்க” என்று வாழ்த்திவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். பெண்கள் சரிந்திருந்த பொட்டலங்களை அடுக்கிவைத்துவிட்டுப் போனார்கள். கொடும்பாளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி கிளம்பும்போது தட்டுகளைப் பார்த்தே, “போயிட்டு வாரேன்” என்றாள். நானும் பழக்கதோஷத்தில் குங்குமச் சிமிழை நீட்டினேன். அதிலிருந்து தினமும் சிமிழ் வைக்க வேண்டியதாயிற்று. குங்குமம் கொடுத்த வீட்டுக்கு மறுபடி வராமல் இருக்க முடியுமா? வந்தார்கள். அடுத்த முறை கூடையும் எடுத்தார்கள்.

மழைநாளில் அந்தக் கடையைப் பார்க்க வேண்டும். முற்றத்தில் மழை கொட்டும். சுற்றிலும் பெண்கள் கூடையோடு மெதுவாக நடப்பார்கள். ஈரச் சாக்கு, காப்பிக்கொட்டை, வெல்லம் எல்லாம் கலந்து ஒரு மணம் எழும். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். எனக்கு அப்போது விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும். பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் கீரனூர் வாசகி ஒருவர், தான் குழந்தையாக அந்த முற்றத்தில் கப்பல் விட்டதாக எழுதியிருக்கிறார். நீங்கள் விட்ட கப்பல்களைப் பொறுக்கியது நான்தான், அம்மா.

கடைக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரர் வந்தார். பிறகு ஒரு டாக்டர். பூக்காரி திரும்பினாள். ஒரு மூட்டை வீடு காலியாகி, வெள்ளையடித்து, பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் குடிவந்தது. கொடியில் குழந்தைச் சட்டை காய்ந்ததை நான் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். திருச்சிக்குப் போனவர்களில் இரண்டு குடும்பம் திரும்பியது.

பிறகு கதிரேசன் சொன்னார்: “அக்கா, இனி வாசல்ல நிக்க வேணாம். அவங்களே உள்ள வந்துர்றாங்க. நீங்க இங்கிட்டு வந்து எது எங்க இருக்குன்னு காட்டுங்க.”

சந்தோஷம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. அதையும் மறைக்கவில்லை.

ஒரு கார்டு

அந்தச் சமயத்தில்தான் அத்தான் என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பக்கத்து வீட்டைக் கடலைக்காரர் கேட்கிறாராம். தையில் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார்களாம். மற்றபடி எல்லோரும் சுகம்.

என் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டை! அக்காவின் அம்மி கிடந்த இடத்தில் எலி!

“ஊரையே வாங்க வாங்கன்னு கூப்பிட்ட. ஒங்க அக்காவுக்கு ஒரு கார்டு போட முடியாதா?” என்றார் வீட்டுக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

கார்டு வாங்கினேன். ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று எழுதினேன். முன்பின் தெரியாதவர்களை ஆயிரம் தடவை கூப்பிட்ட எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. சொல்லாமல் போனவள் அவள்தானே என்று ஒரு பக்கம். கதவைச் சாத்தியவள் நீதானே என்று ஒரு பக்கம். கார்டு அரிசிப்பானைக்கு அடியில் கிடந்தது. மார்கழி முடிந்து தை பிறந்துவிட்டது. அந்த நாட்களில் என் மேல் எனக்கு வந்த வெறுப்பு வேறு யார் மேலும் வந்ததில்லை.

“புளி எங்கிட்டு இருக்கு?”

தை பாதியில் ஒரு சாயங்காலம். முற்றத்தில் மஞ்சள் வெயில் சாய்ந்து, தூண்களின் நிழல் பொட்டலங்கள் மேல் விழுந்திருந்தது. நான் சோப்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

“புளி எங்கிட்டு இருக்கு?”

திரும்பத் தேவையிருக்கவில்லை. கையிலிருந்த சோப்பை வைக்கும் இடம் மறந்துவிட்டது.

“கடைசித் தட்டுல. கீழ” என்றேன்.

“கொட்டை எடுத்ததா?”

“எடுத்ததுதான்.”

“பழசா?”

“போன வருஷத்துது.”

“காலையிலேர்ந்து தெருவ ரெண்டு சுத்து சுத்திட்டேன்” என்றாள், புளியை முகர்ந்துகொண்டே. “வாத்தியார் வீட்டுப் புள்ளைங்க நம்ம வாசல்ல பாண்டி ஆடுதுக. இந்தக் கடையில கூப்பிட ஆளு இருக்குன்னாங்க. வாசல்ல யாரும் இல்ல. எல்லாரும் பாட்டுக்கு உள்ள போறாங்க. நானும் வந்துட்டேன்.”

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். முன்நெற்றி நரைத்திருந்தது. மூக்குத்தி அதே மூக்குத்தி. அவள் கூடையில் கல் உப்பு, விரலி மஞ்சள், பச்சரிசி, துவரம்பருப்பு இருந்தன. புளியை அதன் மேல் வைத்தாள். வீட்டுச் சாவியைக் கடலைக்காரரிடம் கொடுக்க வந்தவள் வாங்கும் சாமான்கள் அல்ல அவை. உப்பும் மஞ்சளும் முதலில் வாங்கினால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். குடிபோகிறார்கள்.

‘வாக்கா’ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் பார்த்த வேலையே அதுதான். சொல்லாமல் சோப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டுக் கல்லாவுக்குப் போனாள்.

“விடியக்காலம் பால் காய்ச்சுறோம்” என்று பாக்கியத்திடம் சொன்னாள். என் காதில் விழும்படிதான் சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை.

அன்று ராத்திரி வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வந்து சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கழுவிவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

விடியல்

வெளுக்கத் தொடங்கும்போது எழுந்து குளித்தேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று செம்பில் பால் எடுத்துக்கொண்டேன்.

“கூப்பிட்டாங்களா?” என்றார் வீட்டுக்காரர், போர்வைக்குள்ளிருந்து.

“இல்ல.”

“அப்ப?”

“கடைக்கெல்லாம் கூப்பிட்டா போறோம்?” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பனி தெருவை மூடியிருந்தது. பத்தடிதான் தூரம். நார்த்தாமலைப் பாறை உச்சிகூட எனக்கு அவ்வளவு தூரமாகப் பட்டதில்லை. அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. நின்று கூப்பிடக் காத்திருக்கவில்லை, நேரே உள்ளே போனேன்.

அடுப்படி முழுக்கப் புகை. அக்கா அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். என் கால் சத்தம் அவளுக்குத் தெரியாதா? திரும்பவில்லை.

“வெறகு ஈரமா இருக்கு மீனா” என்றாள். “அந்த ஊதுகுழல எடு.”

எடுத்தேன். அவள் கையில் கொடுக்கவில்லை. அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நானே ஊதினேன். இரண்டு பேரும் அழுதோம். புகை இருந்தது வசதியாகப் போயிற்று.